வெயிலுக்கு ஒதுங்கிய வேலைநேரம்

ஆரையம்பதி, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, காத்தான்குடியை அடுத்து, கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீளும் மணல் நிலத்தில் அமைந்த ஊர். ஊர் இருப்பது எழுவான்கரையில். ஊரவர் செய்யும் நெல்வயல்கள் பல இருப்பது வாவிக்கு அப்பால், படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை தோணியிலோ பாதை எனப்படும் மிதவைப் படகிலோ ஏறித்தான் வயலுக்குப் போக வேண்டியிருந்தது. கடலில் கரைவலை, வாவியில் வீச்சுவலை, அக்கரையில் வேளாண்மை என மூன்றுமே கூரையில்லாத தொழில்கள்.

இப்பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையிலான மழைக்காலத்தில் பெய்துவிடுகிறது. வைகாசிக்குப் பின் வீசுவது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது உலர்ந்து சூடேறி வருகிறது. அந்தச் சூட்டோடு கடலும் வாவியும் தரும் ஈரப்பதம் சேரும் நாட்களே உடலுக்கு மிகக் கடினமானவை. வியர்வை வழியும், ஆனால் உலராது. உலராத வியர்வையால் உடல் குளிராது.

பழைய தொழில் ஒழுங்கு இதை அறிந்தே அமைந்திருந்தது. மழையை நம்பிய வட்டைகளில் (வயல்வெளிகளில்) மழைக்காலப் பெரும்போகம் மட்டுமே செய்கை பண்ணப்பட்டது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு; மாசி, பங்குனியில் அறுவடை. போடியார் எனப்படும் நில உடைமையாளரின் வயலை முல்லைக்காரர் கவனிக்க, அறுவடை செய்யும் வெட்டுக்காரர் விடியலில் வயலில் இறங்கி, உச்சிவெயிலில் வாடிக்கு (வயற்குடிசைக்கு) ஒதுங்கினர். எருமைகளைக் கொண்டு சூடு (கதிர்ப்போர்) மிதிப்பது பெரும்பாலும் இரவு வேலை. வெயில் தாங்காத விலங்கு எருமை. அதற்காக ஏற்பட்ட ஏற்பாட்டில் மனிதருக்கும் நிழல் கிடைத்தது. வைகாசி பிறக்கும்போது வயல் வெறுமையாகக் கிடக்கும். மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் சடங்கு நடப்பதும் அப்போதுதான், ஆரையம்பதியிலும் அவ்வாறே. சடங்கை நிறைவு செய்யும் குளிர்த்தி, அம்மாள் வருத்தம் (அம்மை) முதலிய வெப்பு நோய்களைத் தணிக்கவென்று செய்யப்படுவது. மழை பொய்த்து நோய் பரவிய காலங்களில் கொம்புமுறி விளையாட்டும் நடத்தப்பட்டது. சடங்கால் வெப்பம் குறைந்ததோ இல்லையோ, ஆண்டின் மிகக் கொடிய வாரங்களில் ஊர் வயலில் இல்லை என்பதே சுகாதார நோக்கில் பெரிய செய்தி.

இந்த ஒழுங்கை முதலில் குலைத்தது காலநிலை மாற்றமன்று, நீர்ப்பாசனம். உன்னிச்சை போன்ற குளங்களும், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் கோடைச் செய்கையான சிறுபோகத்தை விரிவாக்கின. விளைச்சல் பெருகியது, வேலை கச்சான் மாதங்களுக்குள் நகர்ந்தது. பிறகு உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து வெட்டுக்காரரின் வெயிலைக் குறைத்தன. பூச்சிமருந்தடிப்பவருக்கு அந்த விடுதலை கிட்டவில்லை. கையுறை, முகமூடி, நீளச்சட்டை அணிந்தால் வெப்பத்தில் மூச்சுத்திணறும். அணியாவிட்டால் வியர்வை ஊறிய தோல் வழியே நஞ்சு எளிதில் உட்புகும். வெப்பநிலை உயர உயர இந்த இக்கட்டு இறுகும். இலங்கையில் இரவு வெப்பநிலையும் உயர்ந்து வருவதால், பகலில் களைத்த உடல் இரவில் ஆறும் வாய்ப்பும் சுருங்குகிறது.

மழைக்காலத்தின் ஆபத்துகள் வேறு. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி நாடெங்கும் ஏறத்தாழ 915 உயிர்களைப் பறித்தது. மட்டக்களப்பின் மீன்பிடிக் கலங்களில் ஐந்திலொரு பங்கு அழிந்தது. 2011 சனவரியில், வேளாண்மை விளைந்து நின்ற வேளையில், கிழக்கு மாகாணம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். வெள்ளம் மிஞ்சும்போது முகத்துவார மணற்றிட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவது வாவிக்கரை வழக்கம். விவசாயி அதை விரைவில் வெட்டக் கேட்பார். மீனையும் இறாலையும் எண்ணி மீனவர் பொறுக்கச் சொல்வார். மழை ஒரே மூச்சில் கொட்டும் ஆண்டுகளில் இந்த வழக்காடலுக்கு நேரமிருப்பதில்லை. நீர் வடிந்தபின் வருவது எலிக்காய்ச்சல். 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது கண்டது. காலில் வெடிப்போடு சேற்றில் நிற்பவரே முதலில் அகப்படுகிறார். முன்தடுப்பாக டொக்சிசைக்ளின் மாத்திரையைச் சுகாதாரத் துறை இலவசமாக வழங்குகிறது. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட சித்திரையிலும் ஐப்பசியிலும் மின்னல் திறந்தவெளி வயலையும் தோணியையும் தேடி விழுகிறது.

சட்டம் இவர்களிடம் அரைகுறையாகவே வந்து சேர்ந்தது. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலைகொள்பவர் ஒருவர் இருந்தால்தான் பயன்படும். குத்தகை விவசாயிக்கும் சொந்தத் தோணி மீனவருக்கும் அப்படி யாருமில்லை. விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. அவை முதுமைக்கும் ஊனத்துக்கும் இறப்புக்குமானவை. வெயிலில் வேலையை எப்போது நிறுத்துவது என்பதைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை. உலகத் தொழிலாளரில் 240 கோடிக்கும் மேற்பட்டோர் மிகை வெப்பத்துக்கு ஆளாகின்றனர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் கணக்கிட்டது. இருந்தும், வேலைத்தளப் பாதுகாப்புக்கென இலங்கையில் உள்ள முதன்மைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். அதன் வரையறைக்குள் வயலும் வராது, வாவியும் வராது.