தன்னைத் தானே செப்பனிட்ட கப்பல்

சண்டை போட்ட கப்பலின் பெயர்தான் வரலாற்றில் ஏறும். அதன் ஓட்டையை அடைத்துக் கொடுத்த கப்பலுக்கு அடிக்குறிப்புகூடக் கிடைப்பது அரிது. அமெரிக்கக் கடற்படையின் ‘வெஸ்டல்’ அந்த ரகம். 1909இல் நிலக்கரி சுமக்க வந்த கப்பல், 1913இல் பட்டறைகள் ஏற்றப்பட்டு, பழுதுபார்க்கும் கப்பலாகியது.

1941 டிசம்பர் 7, ஞாயிறு காலை. ஹவாய்த் தீவுகளின் பேர்ல் ஹார்பரில் ‘அரிசோனா’ போர்க்கப்பலை ஒட்டி நின்றிருந்தது வெஸ்டல். ஜப்பானிய விமானங்கள் போட்ட குண்டுகளில் இரண்டு இதன்மேல் விழுந்தன. ஒன்று எல்லாத் தளங்களையும் துளைத்துக்கொண்டு போய், அடியில் சுமார் 5 அடி அகலத்துக்கு ஓட்டை போட்டது. சற்று நேரத்தில் அரிசோனாவின் வெடிமருந்துக் கிடங்கே வெடித்தது. அந்த வேகத்தில் வெஸ்டலின் மேல்தளத்திலிருந்து ஏறக்குறைய 100 பேர் கடலில் போய் விழுந்தார்கள். தளபதி காஸின் யங்கும் அவர்களில் ஒருவர். வெஸ்டலில் பற்றியிருந்த தீயை ஊதி அணைத்ததும் அதே வெடிப்புதான்!

கப்பலைக் கைவிடச் சொல்லி யாரோ உத்தரவிட்டுவிட்டார்கள். எண்ணெய் மிதந்த நீரில் நீந்தி மேலேறி வந்த யங், இறங்கிக்கொண்டிருந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். இதற்கிடையே, எரியும் அரிசோனாவில் சிக்கிய ஆறு பேருக்கு ஜோசப் ஜார்ஜ் என்ற மாலுமி கயிறு வீசினார். வெந்துபோன கைகளால் அதைப் பற்றித் தொங்கியபடியே ஆறு பேரும் வெஸ்டலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஜார்ஜுக்குப் பதக்கம் அறிவிக்கப்பட்டது 2017இல்; அப்போது அவர் உயிரோடு இல்லை.

மூழ்கத் தொடங்கிய கப்பலை யங், ‘அயேயா’ விரிகுடாவின் ஆழமற்ற பகுதிக்குக் கொண்டுபோய்த் தரைதட்ட வைத்தார். துறைமுகப் பணிமனைக்குப் பெரிய போர்க்கப்பல்களைக் கவனிக்கவே நேரம் போதவில்லை. வெஸ்டலை வெஸ்டலின் ஆட்களே செப்பனிட்டார்கள்.

1942இல் தென் பசிபிக். டோங்காவில் 60 நாட்களில் 58 கப்பல்களுக்கு 963 வேலைகள். பிறகு நூமியா துறைமுகம். அங்கே குண்டடிபட்டு வந்தது ‘எண்டர்பிரைஸ்’ விமானந்தாங்கி. வேலை முடியும்வரை காத்திருக்கப் போர் விடவில்லை. நவம்பர் 11 அன்று வெஸ்டலின் பணியாளர்களையும் ஏற்றிக்கொண்டே அது குவாடல்கனால் தீவுச் சண்டைக்குக் கிளம்பியது. வழியெல்லாம் வெல்டிங் நடந்தது. முன்பக்க விமானத் தூக்கியை மட்டும் இயக்கிப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. கீழே இறங்கிச் சிக்கிக்கொண்டால் ஓடுதளத்தில் பெரும் பள்ளம். ஒரு விமானமும் பறக்காது.

வெஸ்டலை விட்டுப் போயிருந்த யங் அப்போது ‘சான் பிரான்சிஸ்கோ’ போர்க்கப்பலின் தலைவர். குவாடல்கனால் அருகே 13ஆம் தேதி பின்னிரவில் நடந்த சண்டையில் உயிரிழந்தார். அவரது கப்பலோடு சண்டையிட்டு நொண்டிக்கொண்டிருந்த ஜப்பானின் ‘ஹியெய்’ போர்க்கப்பல் மீது, அன்று காலை எண்டர்பிரைஸின் விமானங்கள் பாய்ந்தன.

வெஸ்டலை 1946இல் பணியிலிருந்து விடுவித்து, 1950இல் பழைய இரும்புக்கு விற்றார்கள்.