முதியோரும் புளூத் தடுப்பூசியும்: ஜப்பான் கண்ட பாடம்

நோய் வருமுன் காத்தல் அறிவுடையோர் செயல் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், காக்கும் வழி கண்ணெதிரே இருந்தும் மக்கள் அதனை ஒரு காலத்தில் ஏற்கின்றனர். மற்றொரு காலத்தில் தள்ளிவிடுகின்றனர். புளூக் காய்ச்சலால் மிகுதியாக உயிரிழப்போர் முதியோரே. அவர்கள் தடுப்பூசியை நாடுவதும் நாடாமையும் எவற்றைப் பொறுத்தன? இவ்வினாவிற்கு ஜப்பான் நாட்டு வரலாறு நல்ல விடை தருகின்றது.

1957-ஆம் ஆண்டில் ஆசியப் புளூ ஹாங்காங், சிங்கப்பூர், ஜப்பான் எனப் பல இடங்களிலும் பரவிற்று. பள்ளியிலேதான் நோய் விரைந்து தொற்றுகிறது என்பதையும், அங்கிருந்தே அது வீடுகளுக்குச் செல்கிறது என்பதையும் ஜப்பானியர் கண்டனர். ஆகவே, 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினர். கடலலையைத் தடுக்கும் கற்சுவர் போலப் பிள்ளைகள் ஊரைக் காப்பார்கள் என்பது அவர்தம் கருத்து. 1976-இல் சட்டம் திருத்தப்பட்டு, அது கட்டாயக் கடமையாயிற்று. அக்காலத்தில் முதியோர்க்கெனத் தனித் திட்டம் எதுவும் இல்லை. பேரப்பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்த முதியோர் பலர், தாம் ஊசி போட்டுக்கொள்ளாமலே அதன் பயனை அடைந்தனர் எனலாம்.

பின்னர் ஐயங்கள் கிளம்பின. 1979-இல் மயேபாஷி நகரில் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை ஒன்றுக்கு வலிப்பு ஏற்படவே, அந்நகர மருத்துவர் சங்கம் பள்ளித் தடுப்பூசியை நிறுத்திற்று. ஊசி போட்ட ஊர்களுக்கும் போடாத ஊர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என 1987-இல் அச்சங்கம் அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகளின் நோயே அவ்வாய்வில் முதன்மையாக நோக்கப்பட்டது. அவ்வாண்டே பெற்றோர் மறுக்கலாம் என்னும் நிலை வந்தது. தடுப்பூசிகளால் தீங்குற்றோர் தொடுத்த வழக்கில், அரசாங்கமே பொறுப்பு எனத் தோக்கியோ உயர்நீதிமன்றம் 1992-இல் தீர்ப்பளித்தது. 1994-இல் பள்ளித் திட்டம் சட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. மக்கள் நம்பிக்கையோடு ஊசிமருந்து உற்பத்தியும் சுருங்கிற்று.

அதன் விளைவு முதியோர் மேல் விழுந்தது. 1990-களின் இறுதியில் முதியோர் இல்லங்களில் புளூ பரவி உயிர்களைக் கொண்டது. பள்ளித் திட்டம் நடந்த காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 37,000 முதல் 49,000 இறப்புகள் தடுக்கப்பட்டிருக்கலாம் என 2001-இல் ஆய்வாளர் சிலர் கணித்தனர். அத்தொகை மிகையானது என்று வாதிடுவோரும் உளர். ஆயினும் முதியோரைக் காக்க வழி தேட வேண்டும் என்பதில் ஐயமில்லாது போயிற்று.

2001-இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் திட்டத்திற்குள் வந்தனர். இம்முறை கட்டாயம் இல்லை, விரும்பியவர்க்கே ஊசி. செலவில் ஒரு பகுதியை நகராட்சி ஏற்றது. முன்னர் நூற்றுக்கு முப்பதின்மருக்கும் குறைவாக இருந்த தொகை, சில ஆண்டுகளில் ஐம்பதின்மரை எட்டிற்று.

எஞ்சியோர் ஏன் வரவில்லை? காரணங்கள் பல. முதியவர் கையிலிருந்து கொடுக்க வேண்டிய கட்டணம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. தாம் உடல்நலத்தோடு இருப்பதாகக் கருதிய சிலர் ஊசி வேண்டாம் என்றனர். வேறு சிலர் பக்கவிளைவுக்கு அஞ்சினர். பழைய வழக்குகளின் நினைவு மங்கவில்லை. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் எடுத்துரைத்தால் இணங்கினவர் பலர். ஒருமுறை போட்டுக்கொண்டவர் மறு ஆண்டும் வந்தனர். முதியவரின் சொந்த விருப்பம் உறுதிப்பட வேண்டும் என்பது சட்டம். ஆகவே, நினைவு தடுமாறியவர் சிலர் திட்டத்தின் பயனை அடைய இயலாது போயினர். கட்டாயத்தால் நேர்ந்த பழைய பிழையைத் தவிர்க்க வந்த விதி, இங்கே வேறொரு தடையாயிற்று.

2020-இல் கொரோனா பரவியபோது தோக்கியோவில் முதியோர்க்குக் கட்டணமின்றி ஊசி போடப்பட்டது. நாடு முழுவதிலும் அவ்வாண்டு ஊசி பெற்ற முதியோர் தொகை முன்னைய ஆண்டுகளினும் உயர்ந்தது. அச்சமும் சலுகையும் ஒருங்கே வந்ததால் விளைந்த பயன் இது.

இவ்வரலாற்றால் அறியத்தக்கது ஒன்றுண்டு. முதியவர் ஊசியை ஏற்பதும் மறுப்பதும் அவர் மனத்தை மட்டும் பொறுத்ததன்று. சட்டம், செலவு, மருத்துவர் சொல், நாட்டில் நிலவும் நம்பிக்கை ஆகிய நான்கும் அதில் பங்கு கொள்கின்றன. நம்பிக்கை ஒருமுறை குலைந்தால் அதனை மீட்க நெடுங்காலம் ஆகும். எனவே, தடுப்பூசியின் நன்மையைக் கூறுவோர் அதனால் நேரக்கூடிய தீமையையும் மறைக்காது கூறுதல் வேண்டும். கட்டாயத்தால் வந்த இணக்கம் ஜப்பானில் நிலைக்கவில்லை. விளங்க வைத்துப் பெறும் இணக்கமே நிலைக்கும்.