நோட்டீஸில் இருக்கும் இனிஷியல்

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. ஓபி முடிச்சிட்டு டீயோட உட்கார்ந்து படிக்கிற மாதிரி எழுதுறேன்.

ஓபி சீட்டுல "தகப்பனார் / கணவர் பெயர்"னு ஒரு கட்டம் உண்டு. போன வாரம் சுகருக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு பாட்டி அதுக்கு அம்மா பேரைச் சொன்னாங்க. சீட்டு எழுதுற பொண்ணு "அப்பா பேரு சொல்லுங்க பாட்டி"ன்னு திரும்பக் கேட்டா. "எங்க வீட்ல எப்பவும் அம்மா பேருதாம்மா"ன்னாங்க. பொண்ணு என்னைப் பார்த்தா. அப்படியே எழுதும்மான்னு சொல்லிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. மெட்ராஸ் மியூசிக் அகாடமியோட பழைய ஆண்டு மலர், ஜர்னல் எல்லாம் ஸ்கேன் பண்ணி இணையத்துல கிடைக்குது. சும்மா புரட்டினேன். கச்சேரி நிகழ்ச்சி நிரலை ராகம், தாளத்துக்காக இல்லாம இனிஷியலுக்காக மட்டும் படிச்சுப் பாருங்க. அது வேற ஒரு வரலாறு.

முதல்ல பின்னணி. 1927 டிசம்பர்ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதையொட்டி நடந்த இசை மாநாட்டுல பிறந்த யோசனைதான் அகாடமி. 1928 ஆகஸ்ட் 18ல தொடக்க விழா. ஜர்னல் 1930ல இருந்து. சொந்தக் கட்டிடத்துக்கு 1955ல நேரு அடிக்கல் நாட்டினார், 1962லதான் திறந்தாங்க. அதுவரைக்கும் கச்சேரி வெவ்வேறு இடங்கள்ல. அகாடமியோட முதல் தலைவர் யார் தெரியுமா? டாக்டர் யு.ராமராவ். நம்ம தொழில்தான். 'ஆன்டிசெப்டிக்' மருத்துவ இதழை நடத்தியவர். (ஒரு டாக்டர் தலைவரா இருந்தா மீட்டிங் நேரத்துக்கு ஆரம்பிச்சிருக்குமான்னு கேக்காதீங்க.)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 1931 மார்ச்ல அகாடமி ஒரு சதிர் நிகழ்ச்சி வெச்சது. ஆடினவங்க ராஜலட்சுமி, ஜீவரத்தினம்னு ரெண்டு சகோதரிகள். ஆனா அவங்களுக்கு இருந்த பேர் "கல்யாணி டாட்டர்ஸ்". கல்யாணி அவங்க அம்மா. கூட்டம் அதிகம் இல்ல. 1933 ஜனவரி 1ல அதே சகோதரிகள் மறுபடி ஆடினப்ப நல்ல கூட்டம். நடுவுல என்ன நடந்தது? 1932 கடைசியில பத்திரிகைகள்ல பெரிய சண்டை. ஒரு பக்கம் அகாடமி செயலாளர், வக்கீல் இ.கிருஷ்ண ஐயர்: கலையைக் காப்பாத்தணும்னார். இன்னொரு பக்கம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: இந்த ஆட்டங்களுக்கு ஆதரவு கொடுக்கிறது, சின்னப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுற வழக்கத்துக்கே ஆதரவுன்னாங்க.

முத்துலட்சுமி ரெட்டியோட அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பம். வெளியில இருந்து உபதேசம் பண்ணின அம்மா இல்ல அவங்க. சொந்த வீட்டு வலி. ஒரு டாக்டரா, எட்டு வயசுக் குழந்தையைப் பொட்டுக் கட்டுறதைப் பத்தின வாக்குவாதத்துல நான் கண்ணை மூடிக்கிட்டு அவங்க பக்கம்தான். 1947ல சட்டமும் வந்தது. வரவேண்டிய சட்டம்.

ஆனா நிகழ்ச்சி நிரல் இன்னொண்ணும் சொல்லுது. பொட்டுக் கட்டுறது போச்சு. கூடவே அம்மா பேரோட மேடை ஏறின பெண்களும் கொஞ்சம் கொஞ்சமா மேடையை விட்டே போனாங்க. 1935 டிசம்பர்ல அடையாறுல ருக்மிணி தேவி ஆடினாங்க. அதுக்கப்புறம் "நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க" ஆடலாம்னு ஆச்சு. ஆடக் கத்துக் கொடுத்த வீட்டுப் பொண்ணுங்க ஆடக் கூச்சப்பட்டாங்க. ஒரு நோய்க்கு மருந்து கொடுத்தோம், நோயாளியையும் சேர்த்து டிஸ்சார்ஜ் பண்ணிட்டோம்.

ரெண்டு பேரைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எம்.எஸ்.சுப்புலட்சுமி: மதுரை சண்முகவடிவு. ஊரும் அம்மாவும். டி.கே.பட்டம்மாள்: தாமல் கிருஷ்ணசுவாமி. ஊரும் அப்பாவும். தாமல் நம்ம காஞ்சிபுரம் பக்கம். பிராமணக் குடும்பத்துப் பெண் மேடையில பாடுறதே அப்ப பெரிய விஷயம், அதனால அந்த 'கே'யும் லேசுல வந்தது இல்ல. சின்ன வயசுல காஞ்சிபுரத்துல நாயனா பிள்ளை கச்சேரி கேட்டு வளர்ந்தவங்க. அந்த நாயனா பிள்ளை யாரு? தனகோடி அம்மாளோட தங்கை காமாட்சி அம்மாள் மகன். அதாவது பட்டம்மாள் காதுல விழுந்த இசை, அம்மா வழி வீட்ல இருந்து வந்தது. பாலசரஸ்வதிக்கு அரங்கேற்றம் நடந்ததும் 1925ல இதே காஞ்சிபுரத்துலதான்.

1929ல இருந்து தொடங்குற சங்கீத கலாநிதி பட்டியலைப் பாருங்க. 1968ல எம்.எஸ். வர்ற வரைக்கும் ஒரு பெண் இல்ல. 1970ல பட்டம்மாள். 1973ல பாலசரஸ்வதி.

இதெல்லாம் நிகழ்ச்சி நிரல் அச்சடிச்சதால நமக்குத் தெரியுது. அச்சடிக்காத கச்சேரி?

மாட்டுப் பொங்கலுக்குக் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எங்க பழையசீவரத்துக்கு வருவார். மலை மேல ஏறுவார். வழி நெடுக நாகஸ்வரம், தவில். எத்தனை தலைமுறையா எத்தனை பேர் வாசிச்சாங்க? எங்க கிடைக்கும் அந்த நோட்டீஸ்? கிடைக்காது, அப்படி ஒண்ணு யாரும் அடிக்கல.

பாலாத்துக்கு அந்தப் பக்கம் திருமுக்கூடல் கோயில் கல்வெட்டு பத்தி முன்னாடியே எழுதியிருக்கேன். வீரராஜேந்திர சோழன் காலத்து, 15 படுக்கை ஆதுலர் சாலை. அதுல மருத்துவர் பேர் இருக்கு: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். மருந்து காய்ச்சிக் கொடுத்த ரெண்டு பெண்களுக்கு எவ்வளவு நெல்லுன்னு இருக்கு. பேர் இல்ல. அப்பா பேரும் இல்ல, அம்மா பேரும் இல்ல.

வர்ற மாட்டுப் பொங்கலுக்கு ஒரு நோட்டு வாங்கி வெச்சிருக்கேன். வாசிக்க வர்றவங்க பேர், ஊர், யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, அம்மா பேர், எல்லாம் கேட்டு எழுதப் போறேன். டூட்டி இருந்தா சாயங்காலம் போய் எழுதுவேன்.

உங்க வீட்டுப் பரண்ல பழைய சபா நோட்டீஸ், கோயில் திருவிழா அழைப்பிதழ், கல்யாணக் கச்சேரி பத்திரிகை ஏதாவது இருந்தா பழைய பேப்பர்காரர்கிட்ட போடாதீங்க. போன்ல ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்க, பக்கவாத்தியக்காரர் பேர் சில சமயம் அங்கதான் இருக்கும்.