பெருங்களத்தூரில் பிறந்த பெரிய கார்

பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். 1988-இல் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன். இப்போது மறைமலை நகர்ப் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறான். "சார், ஒரு ஸ்டாண்டர்ட் 2000 விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமா? நீங்க ஒருநாள் வந்து பாக்கணும்" என்றான். காரைப் பற்றி வாத்தியாரிடம் கேட்பானேன் என்று உங்களுக்குத் தோன்றும். என் அக்கா வீட்டுக்காரர் 1992-இல் அதே காரைப் பழசாக வாங்கி நான்கு வருடம் பட்ட பாட்டை நான் வகுப்பில் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அது அவனுக்கு நினைவிருக்கிறது. பாடம்தான் மறந்துபோயிருக்கும்!

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் போகும் வழியில் பெருங்களத்தூர். அங்கே இன்று அடுக்குமாடி வீடுகளும் கணினி அலுவலகங்களும் நிற்கும் இடத்தில்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1948-இல் மதராஸ் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்ட் டென். 1961 முதல் ஹெரால்டு. மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்த அழகான சின்ன கார். 1972-இல் கெஸல். 1977-க்குப் பிறகு சில வருடங்கள் கார் கிடையாது, ஸ்டாண்டர்ட் 20 வேன் மட்டும்தான். ஹூண்டாய், ஃபோர்டு எல்லாம் வந்த பிறகுதான் சென்னைக்கு கார் வந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதற்கு ஐம்பது வருடம் முன்பே இங்கே கார் செய்தார்கள்.

1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. அதே வருடம்தான் வண்டலூர் உயிரியல் பூங்காவும் திறந்தது. பிள்ளைகளை அங்கே சுற்றுலா அழைத்துப் போனபோது, பாதிப் பையன்கள் வேனின் ஜன்னல் வழியே சாலையில் சோதனை ஓட்டம் போகும் புதுக் காரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பார்க்காமல் எப்படி இருப்பார்கள்? சாலையில் ஓடியது அம்பாசடரும் பத்மினியும், புதிதாக வந்த மாருதியும். நடுவே ஆள் உயரம் படுத்துக்கிடப்பதுபோல் நீண்ட முன்பக்கமும், சரிந்த பின் கண்ணாடியுமாக இது. உடம்பு இங்கிலாந்து ரோவர் எஸ்.டி.1 காருடையது. 1977-இன் சிறந்த ஐரோப்பிய கார் என்று விருது வாங்கியது அது.

சிக்கல் உடம்பில் இல்லை, இதயத்தில் இருந்தது. ரோவரில் வெளியான முதல் எஞ்சின் எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர், 155 குதிரைத்திறன். நம்முடையதில் வைத்தது பழைய வேன்கார்டு எஞ்சின். நான்கு சிலிண்டர், 83 குதிரைத்திறன், நான்கே கியர். நாற்பதுகளில் பிறந்த அந்த எஞ்சின் குடும்பம்தான் இங்கிலாந்தில் பெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. பயில்வான் உடம்புக்கு உழவு மாட்டின் இதயம். மாடு மோசம் என்று சொல்லமாட்டேன். இழுக்கும், ஆனால் ஓடாது.

அதன் கொள்ளளவை ஒருமுறை வகுப்பில் கணக்காகவே போட்டேன். சிலிண்டரின் விட்டம் 83 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 92 மில்லிமீட்டர், மொத்தம் நான்கு சிலிண்டர். உருளையின் கன அளவு எப்படி என்று தெரியும்தானே? 22/7 போட்டால் 1992 வரும், புத்தகத்தில் 1991 சிசி. அந்த ஒன்றுக்காக ஒரு பையன் என்னிடம் பத்து நிமிடம் சண்டை போட்டான். போட்டவன் இதைப் படிக்கிறான், பெயர் சொல்லவில்லை.

அந்தக் காலம் பெரிய எஞ்சினுக்கு ஏற்ற காலமும் இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. 796 சிசி, ஜப்பான் தொழில்நுட்பம், பெட்ரோல் சிக்கனம். அரசும் சிக்கனமான வண்டிகளுக்கு வரிச் சலுகை தந்தது. ஸ்டாண்டர்ட் 2000 கொடுப்பதாகச் சொன்ன மைலேஜ் பற்றி சர்ச்சை எழுந்தது. விலையும் அதிகம். 1988-இல் தயாரிப்பு நின்றது, தொழிற்சாலையும் மூடியது.

எங்கள் பள்ளியில் அதற்கு முன்பு சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'ஸ்டாண்டர்ட் மோட்டார்' என்று எழுதுவது ஒரு மிடுக்கு. அந்தப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் பெரிதாக இருக்கும். மூடிய அடுத்த வருடம் அதே பிள்ளைகள் சத்துணவு வரிசையில் கடைசியில் போய் நின்றார்கள். முன்னால் நிற்கக் கூச்சம். ஒருவனின் அப்பா காலையில் பால் பாக்கெட் போட ஆரம்பித்தார். ஒருவர் வளைகுடா போனார். சிலர் மாதக்கணக்கில் தினமும் சாப்பாட்டுப் பையோடு கேட் வரை போய்விட்டுத் திரும்பியதை நானே பார்த்திருக்கிறேன். போன் செய்த மாணவனின் அப்பாவும் அவர்களில் ஒருவர். பாடி ஷாப்பில் கதவு பொருத்தும் வேலை. அந்த வருடம் அவனைப் பள்ளியை விட்டு நிறுத்தி ஒர்க் ஷாப்பில் விடப் பார்த்தார். நானும் தலைமையாசிரியரும் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். அவன் அம்மா மோர் கொடுத்தார், அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பையன் வகுப்புக்கு வந்தான்.

இப்போது என் அக்கா வீட்டு மாமா கதை. கம்பெனி மூடிய காரை யார் வாங்குவார்கள் என்று விலை விழுந்து கிடந்தது. மாமா வாங்கினார். ஊருக்குப் போனால் திண்டிவனம் தாண்டுவதே தெரியாது, அவ்வளவு சொகுசு. ஆனால் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர். அக்கா பெட்ரோல் செலவை மளிகைக் கணக்கு நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைப்பாள். எஞ்சின் சாமான் கிடைத்துவிடும், ஸ்டாண்டர்ட் வேனும் அதே எஞ்சின்தான் என்பதால் பழைய மெக்கானிக்குகளுக்கு கைப்பழக்கம். கண்ணாடி, விளக்கு, கதவுப் பிடி உடைந்தால்தான் புதுப்பேட்டையில் கடை கடையாக அலைய வேண்டும். 1996-இல் விற்றார். அக்கா அன்று பாயசம் வைத்தாள்.

அந்த அனுபவத்தில் மாணவனுக்கு நான் சொன்னவை, வேறு யாருக்கும் உதவலாம். இந்த எஞ்சினில் சிலிண்டர் லைனர்கள் தனியாகக் கழற்றி மாட்டும் வகை. சுற்றிலும் தண்ணீர் நிற்கும். தேய்ந்தால் லைனரை மட்டும் மாற்றலாம், அது வசதி. ஆனால் லைனரின் அடியில் உள்ள கேஸ்கெட் போனால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் குச்சியை உருவிப் பார், பால் டீ நிறத்தில் இருந்தால் விலையைக் குறைத்துப் பேசு. அடித்தகடு துருவைக் கட்டாயம் பார், எஞ்சினைவிட அதற்குத்தான் செலவு. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் தாங்காது, எல்லாவற்றையும் மாற்று. 15 வருடம் தாண்டிய காருக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், விட்டுப்போயிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேள். பாரம்பரிய வண்டி என்று தனிப் பதிவு வாங்க 50 வருடம் ஆகவேண்டும். இதற்கு இன்னும் வயது வரவில்லை.

சரி, போய்ப் பார்த்தோம். அப்பாவையும் அழைத்து வந்திருந்தான். எண்பதைத் தாண்டிவிட்டார். ஒரு கொட்டகையில் டயர் இறங்கி நின்றது கார். நாங்கள் பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம் (பால் டீதான்). அவர் எஞ்சின் பக்கமே வரவில்லை. நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து சாத்தினார். காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். வலது பின் கதவில் மட்டும் நின்று, "இது யாரோ வெளிய கழட்டி மாட்டியிருக்கான். மத்த மூணும் நம்ம ஆளுங்க மாட்டினது" என்றார்.

மாணவன் வாங்கிவிட்டான். எஞ்சின் இப்போது அவன் பட்டறையில் பிரிந்து கிடக்கிறது. பின்விளக்குக் கண்ணாடி உள்ளூரில் எங்கும் கிடைக்காமல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தான். பெருங்களத்தூர் கிடங்கில் பயன்படுத்தாமல் கிடந்த உதிரி பாகங்களை 2006 வாக்கில் இங்கிலாந்து உதிரிபாக நிறுவனம் ஒன்று ஏலத்தில் வாங்கிக் கப்பலேற்றியது. "சார், இது இங்கேருந்து போனதாக்கூட இருக்கலாம்" என்று பெட்டியைப் பிரித்தபடி சிரித்தான். கூரியர் செலவைச் சொன்னபோது எனக்கு அக்காவின் சிவப்பு மை நினைவுக்கு வந்தது.

வலது பின் கதவைக் கழற்றி மறுபடி பொருத்த அப்பா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். கூட ஒரு ஆள் பிடிக்க வேண்டுமாம், கதவு கனம். பழைய ஸ்டாண்டர்ட் ஆட்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பட்டறை முகவரி அனுப்புகிறேன். நானும் போகிறேன்.