24 இஞ்சி சைக்கிள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. "தாத்தா, ரோடு பைக் வாங்கப் போறேன். கையில இருபத்தஞ்சாயிரம் இருக்கு. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. கடைக்குக் கூட வர்றீங்களா?" என்றாள்.

ரோடு பைக் என்றால் மோட்டார் பைக் அல்ல. ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், கியர் எல்லாம் வைத்த சைக்கிள். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எதுவும் இருக்காது. விடியற்காலையில் அழகர்கோயில் ரோட்டில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு குனிந்தபடி பறக்கிறார்களே, அந்த வண்டிதான்.

"எனக்கு என்னம்மா தெரியும்?" என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தால், கைக்காசு குறைவாக இருக்கும்போது முதல் சைக்கிள் வாங்குவதில் என்ன தப்பெல்லாம் செய்யலாம் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

என் முதல் சைக்கிளை வாங்கியது 1974இல். அதற்கு முந்தைய வருடம்தான் புதுச்சேரியிலிருந்து மதுரைக்கு வேலைக்கு வந்திருந்தேன். மத்திய அரசு அலுவலகத்தில் எல்.டி.சி. மூன்றாவது சம்பளக் கமிஷன் வந்து அடிப்படைச் சம்பளம் 260 ரூபாய் என்று ஆகியிருந்தது. நல்ல சைக்கிள் ஒன்று ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டிவிடும். அதற்காகத்தான் அரசாங்கம் சைக்கிள் அட்வான்ஸ் கொடுத்தது. வட்டியோடு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். என் வயது வாசகர்களில் பலர் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

அட்வான்ஸ் பணத்தோடு டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு 22 இஞ்சிதான் சார் சரி. ஆனா ஸ்டாக் இல்ல. ரெண்டு வாரம் ஆகும். 24 இஞ்சி ரெடியா இருக்கு, பத்து ரூபா குறைச்சும் தர்றேன்" என்றார்.

இந்த 22, 24 என்பது சக்கரத்தின் அளவு அல்ல. சக்கரம் இரண்டுக்கும் 28 இஞ்சிதான். பெடல் அச்சிலிருந்து சீட்டு வரை போகும் குழாயின் நீளம் அது. என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். 24 இஞ்சி வண்டி நல்ல உயரமான ஆளுக்கு உள்ளது. எனக்குப் பொறுமை இல்லை, பத்து ரூபாயும் பெரிதாகத் தெரிந்தது. அதையே வாங்கிவிட்டேன்.

அடுத்த இருபது வருடம் அந்தப் பத்து ரூபாய்க்கு வட்டி கட்டினேன். ஏ.வி. பாலத்தில் நெரிசலில் நின்றால் கால் தரையில் எட்டாது. கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்ச் சாய்ந்துகொள்வேன். கோரிப்பாளையத்தில் ஒருமுறை சட்டென்று நிறுத்தப்போய், வண்டியோடு சரிந்து முழங்கை பெயர்ந்தது. குரங்குப் பெடல் போடுகிற பையன்கள்கூட என்னைவிட லாவகமாக ஓட்டினார்கள்.

ஆனால் வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த உருவத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஒரே அளவில் இரண்டு சக்கரமும் சங்கிலியும் வைத்த சைக்கிளை இங்கிலாந்தில் ஸ்டார்லி 1885இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். அந்த வழியில் வந்த கறுப்பு வண்டிகள்தான் ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களில் கப்பலேறி நம் ஊருக்கு வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு இங்கேயே செய்ய ஆரம்பித்தோம். 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கியது டி.ஐ. சைக்கிள்ஸ். அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ் வந்தது. வடக்கே 1951இல் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ.

எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. கனத்த இரும்புக் குழாய், பெரிய சக்கரம், கியர் கிடையாது. மேலூர்ப் பக்கம் நெல் மூட்டை, பால் கேன், வாழைத்தார் என்று எதை ஏற்றினாலும் தாங்கும். உடைந்தால் எந்த மரத்தடிக் கடையிலும் சரிசெய்யலாம். குழி விழுந்த ரோடும் பெருஞ்சுமையும் உள்ள நாட்டுக்கு அது சரியான வண்டி. ஒரே குறை, வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவனை மனதில் வைத்தே செய்தது.

ரோடு பைக் வந்த பாதை வேறு. புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1954இலேயே பிரெஞ்சு ஆட்சி போய்விட்டாலும் பள்ளிக்கூடத்தில் அந்த மொழி போகவில்லை. எங்கள் வாத்தியாருக்கு 'தூர் து பிரான்ஸ்' சைக்கிள் பந்தயம் என்றால் உயிர். 1903இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் வெகுகாலம் கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி இல்லை. மலை வந்தால் வீரர்கள் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டுவார்கள். ஒரு பக்கம் சின்னப் பல்சக்கரம், மறுபக்கம் பெரியது. 1937இல்தான் கியரை அனுமதித்தார்கள். இன்றைக்குக் கடையில் 'இத்தனை கியர்' என்று எண்ணிக்கை சொல்லி விலை ஏற்றும்போது எனக்கு அந்த வாத்தியார் ஞாபகம் வரும். மதுரையைச் சுற்றி இருப்பது சமவெளி. யானைமலை மேல் யாரும் சைக்கிளில் ஏறப்போவதில்லை. கியர் குறைந்தாலும் நஷ்டமில்லை.

இன்னொரு வேடிக்கை. ரோடு பைக் டயரில் 700 சி என்று போட்டிருக்கும். அது பிரெஞ்சுக் கணக்கு. அதே கணக்கில் நம் பழைய 28 இஞ்சி கறுப்பு சைக்கிள் 700 பி. ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் அதற்கு 635 மில்லிமீட்டர், ரோடு பைக்குக்கு 622. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்தான், ஆனால் ஒன்றின் டயர் மற்றதற்குப் பொருந்தாது.

இப்போது சொல்லக் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. நம் நாகமலைப் புதுக்கோட்டை அல்ல, கிழக்கே நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அந்த பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள்.

என் மனைவிக்கு மேலூர்ப் பக்கம் ஊர். இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு ஒரு நாள் ராத்திரி, "ஏங்க, நானும் கத்துக்கவா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். "அந்த 24 இஞ்சி வண்டியில எனக்கே கால் எட்டல, உனக்கு எப்படி எட்டும்?" என்றேன். "சின்ன வண்டி ஒண்ணு வாங்கலாமே" என்றாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருடம் மகள் படிப்புச் செலவு வந்தது. 1995இல் கடனில் ஸ்கூட்டர் வாங்கினேன். அது எனக்குத்தான். அவள் கடைசிவரை பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். மறுபடி கேட்கவே இல்லை. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

பேத்தியோடு கடைக்குப் போனேன். பளபளவென்று ஒரு புது வண்டி. "கடைசி பீஸ், ஏழாயிரம் தள்ளுபடி. 56 சைஸ்" என்றார் கடைக்காரப் பையன். இப்போது சென்டிமீட்டர் கணக்கு. பேத்தி ஐந்தடி இரண்டு அங்குலம். "சீட்டை இறக்கிக்கலாம் மேடம்" என்றான். எனக்குப் பகீரென்றது. டவுன் ஹால் ரோட்டுக் குரல் ஐம்பது வருடம் கழித்து அப்படியே கேட்டது.

"காலை அகட்டி நின்னு பாரும்மா" என்றேன். பார் இடித்தது. சீட்டில் ஏறிக் கையை நீட்டினால் பிரேக்கும் எட்டவில்லை. "வேண்டாம். சீட்டை இறக்கலாம், குழாயை அறுக்க முடியாது" என்று சொல்லி வெளியே கூட்டிவந்தேன்.

தெரிந்த மெக்கானிக் மூலம் ஒரு பழைய வண்டி கிடைத்தது. அலுமினியம், 49 சைஸ், 18 ஆயிரம். ஒட்டுப்போட்ட இடங்களில் கீறல் இல்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கோட்டமில்லாமல் சுற்றியது. சங்கிலி, பிரேக் கட்டை, 28 மில்லிமீட்டர் அகல டயர் எல்லாம் புதிதாக மாற்ற நாலாயிரம். மிச்சம் மூவாயிரத்தில் தலைக்கவசம், விளக்கு, பூட்டு, கைப்பம்ப். இதில் நம் பழைய வால்டியூப் கிடையாது. பிரெஞ்சு வால்வு என்று ஒல்லியாக ஒன்று இருக்கிறது. மரத்தடிக் கடையில் காற்றடிக்க ஒரு சின்ன மாற்றுமூடி வேண்டும். அதையும், ஸ்பேர் ட்யூப் ஒன்றையும் வாங்கிப் பையில் போட்டுக்கொடுத்தேன்.

பேரப்பிள்ளைகளோடு கடைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெயரையும் கியரையும் தள்ளுபடியையும் அப்புறம் பாருங்கள். ஓட்டப்போகிறவரை முதலில் வண்டிமேல் நிற்கவையுங்கள். மற்ற எல்லாவற்றையும் காசு வரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

முதல் ஞாயிறு அழகர்கோயில் வரை போய்வந்தாள். வாசலில் பிரேக் பிடித்து இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றாள். "தாத்தா, பாட்டி சைக்கிள் ஓட்டுவாங்களா?" என்று கேட்டாள்.

"கேட்டா. நான்தான் வாங்கித்தரல" என்றேன்.