வானில் மறைந்த விமானி

1978-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அந்திப் பொழுதில், பிரெடரிக் வாலன்டிச் என்னும் இருபது வயது ஆஸ்திரேலிய இளைஞர், மெல்போர்னை அடுத்த மூராபினிலிருந்து சிறிய செஸ்னா விமானத்தில் தனியே புறப்பட்டார். பாஸ் நீரிணையைக் கடந்து கிங் தீவு சேர வேண்டும். இரவு 7 மணி 6 நிமிடத்திற்கு, அருகில் வேறு விமானம் உண்டோ என வானொலி வழியே வினவினார். இல்லை என்றனர். நான்கு ஒளிகளுடைய பொருளொன்று தமக்கு மேலே பறப்பதாகவும், அது விமானமே அன்று என்றும் கூறினார். ஆறு நிமிடங்களில் குரல் ஓய்ந்தது.

வேற்றுலகக் கலம் அவரைக் கவர்ந்து சென்றது என்ற பேச்சு உலகெங்கும் பரவிற்று. அரசாங்க விசாரணையோ, காரணம் அறியக்கூடவில்லை என முடிந்தது. அன்று வெள்ளி, செவ்வாய், புதன் ஆகிய கோள்களும் கேட்டை விண்மீனும் வானில் ஒளிர்ந்தன. நான்கு ஒளிகள் இவையே என 2013-இல் ஓர் ஆய்வு கூறிற்று. கேட்டையைக் கண்டு மிரள்வரோ விமானி என்று நேயர்கள் நகைக்கலாம்.

நகைப்பதற்கில்லை. பெங்களூரில் பழைய விமான நிலையச் சாலை வழியே செல்லும் நம்மவர் அறிந்த விமானப் படை மருத்துவக் கழகம், 1957-இல் தோன்றியது. விமானிகளுக்கு அங்கே கற்பிக்கப்படுவனவற்றுள் ஒன்று திசைமயக்கம். விமானம் திரும்பத் தொடங்குவதை உட்செவியின் நீர்மம் உணர்த்தும். ஒரே விரைவில் வட்டமிட்டால் சில நொடிகளில் அவ்வுணர்வு அடங்கிவிடும். தொடுவானம் புலப்படாத கடல்மேல், சுழன்று இறங்குபவர் தாம் நேரே பறப்பதாகவே நம்புவார். நிலையாய் நிற்கும் ஒளியே தம்மைச் சுற்றுவதாகத் தோன்றும். வாலன்டிச்சுக்கு நேர்ந்தது இதுவாகலாம் என்பதே நம் கருத்து. 1983-இல் பிலிண்டர்ஸ் தீவில் ஒதுங்கிய எஞ்சின் தகடொன்றும் அவ்வகைச் செஸ்னாவினதே.

நம் கடலிலும் ஒரு விமானம் மறைந்தது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப் படையின் ஏ.என்.-32 விமானம், 29 பேருடன் வங்கக் கடல்மேல் காணாமற்போயிற்று. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. செப்டம்பரில், அனைவரும் மாண்டதாகவே கொள்ளப்படுவர் எனக் குடும்பத்தாருக்கு அறிவித்தனர். ஓர் எலும்போ, ஒரு துணியோ காணாமல் ஈமக்கடன் செய்வது எங்ஙனம்? ஏழாண்டுகளுக்கும் மேலாக அவ்வீடுகள் அந்நிலையிலேயே இருந்தன. 2024 ஜனவரியில், சென்னைத் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில், சென்னைக் கரைக்குச் சுமார் 140 கடல் மைலுக்கு அப்பால், 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதறல்கள் தென்பட்டன. அப்பகுதியில் வேறு விமானம் மறைந்ததாகப் பதிவில்லை.

பாஸ் நீரிணையின் சராசரி ஆழமோ 60 மீட்டரே. வாலன்டிச்சை அங்கே நான்கு நாள்களே தேடினர்.