ஒரு பெயர் வசையான கதை



சில வருஷத்துக்கு முன்னால எங்க குழுக் கூட்டத்துல நடந்தது. தவணை கட்டப் பிந்திய ஒரு அக்காவை, இன்னொரு உறுப்பினர் ஆத்திரத்துல "தேவடியா"ன்னு ஏசிட்டாங்க. பணம் அடுத்த வாரமே வந்துட்டு. அந்த அக்கா மூணு மாசம் கூட்டத்துக்கே வரல்ல. தவணைக்கும் அந்தச் சொல்லுக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தேடித்தான் கொஞ்சம் வரலாறு படித்தேன்.

தேவரடியார் என்றால் தேவருக்கு அடியார். சோழர் காலக் கல்வெட்டுகளில் அது மதிப்பான பெயர். கோயிலுக்குக் கொடை கொடுத்த தேவரடியார்களும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் பணி செய்ய 400 பெண்களைக் குடியமர்த்தினார் ராஜராஜ சோழன். ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்கள் பெயர்கள் இன்றும் கல்லில் இருக்கின்றன. நம்ம பக்கத்துச் சுசீந்திரம் கோயிலிலும் தேவதாசிகள் பணி செய்தார்கள்.

பிற்காலத்தில் அரசர் ஆதரவு போனது. அந்தப் பெண்கள் வசதி படைத்த ஆண்களை அண்டிப் பிழைக்க வேண்டிவந்தது. அவர்கள் நிலை தாழ்ந்தது, பெயரும் வசையானது. அவர்களைத் தேடிப் போன ஆணுக்கு மட்டும் ஒரு வசைச்சொல்லும் உண்டாகவில்லை.

நாம் அன்று திருவிதாங்கூரில் இருந்தோம். 1930-இல் மகாராணி சேது லட்சுமிபாய் ஆட்சியில் இங்கே அந்த முறை ஒழிந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றோர் போராட, சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் வந்தது.

முறை போயிற்று, சொல் போகவில்லை. முதலில் அது சமூகத்தின் கேட்டைக் காட்டிய கண்ணாடி. இன்றைக்கு அதுவே கேட்டை வளர்க்கிற உரம். கடன் கேட்டாலும், எதிர்த்துப் பேசினாலும், இரவு வேலை முடிஞ்சு வந்தாலும் பொம்பளைய அடக்க அந்த ஒரு சொல் போதும். ஆம்பிளைய ஏசினாலும் அவன் அம்மாவுக்குத்தான் அடி விழுது. என் மகனைத் திட்டும்போது நானும் அப்படிச் சொல்லியிருக்கேன், யாரை ஏசினேன்? என்னைத்தானே!

அந்த அக்காவை வீடு தேடிப் போய்க் கூட்டி வந்தோம். ஏசினவங்க மன்னிப்புக் கேட்டாங்க. அன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்: தவணை பிந்தினால், தவணையைப் பற்றி மட்டுமே பேச வேண்டும்.

உங்கள் குழுவிலும் எழுதுங்கள், சகோதரிகளே.